பிளொக் வெடித்தால் பழைய இரும்புக்கா? கண்டியின் பழைய டிரக்டர்களும் கைவிடக்கூடாத ஒரு தொழிலும்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளை, திகன பக்கமாகவோ, அக்குறணை ஊடாக மாத்தளை நோக்கியோ அடிக்கடி பயணிப்பவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். நிறம் மங்கிய பழைய மெஸி பேர்கஸன் டிரக்டர் ஒன்று பெட்டி நிறைய மணலையோ செங்கல்லையோ இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் முக்கி முனகிச் செல்லும். பின்னால் வரும் வாகனங்கள் பொறுமையிழந்து ஹோர்ன் அடிக்கும். டிரக்டர்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார். அவருக்குத் தெரியும், அந்த இயந்திரம் தனது வேகத்தில்தான் போகும். ஆனால் போய்ச் சேரும்.

அப்படிப்பட்ட இயந்திரம் ஒருநாள் நடுவழியில் கொதித்து நிற்கின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. ஊற்றிய தண்ணீரும் எங்கே போகின்றது என்று தெரியவில்லை. ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் கறுப்பு ஒயில் பால் கலந்த தேநீர் போல வெளிறியிருக்கின்றது. கராஜுக்கு இழுத்துச் சென்றால், பாஸ் கழற்றிப் பார்த்துவிட்டு இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார்: "பிளொக் வெடிப்பு."

டிரக்டரை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சாதாரண செய்தியல்ல. அடுத்த நாளே பழைய இரும்பு வாங்குபவர் வந்து கிலோ கணக்கில் விலை பேசத் தொடங்கிவிடுவார். வேறு பிளொக் தேடுவதா? ஒட்டிப் பார்ப்பதா? வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? பெரும்பாலானோர் இந்தத் தீர்மானத்தைப் பதற்றத்தில்தான் எடுக்கின்றனர். பிளொக்கில் வெடிப்பு என்பது பல சந்தர்ப்பங்களில் இயந்திரத்தின் முடிவல்ல. ஆனால் எல்லா வெடிப்பும் திருத்தக்கூடியதுமல்ல. இரண்டையும் பிரித்தறிவதில்தான் டிரக்டர்காரரின் பணமும் கராஜ்காரரின் பெயரும் தங்கியுள்ளன. இந்த வாரம் அதுபற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அரை நூற்றாண்டைத் தாண்டிய உழைப்பு

ஹெரி பேர்கஸன் என்பவர் வட அயர்லாந்தில் பிறந்த பொறியியலாளர். கலப்பையை டிரக்டருடன் மூன்று புள்ளிகளில் இணைத்து, ஹைட்ரோலிக் விசையால் உயர்த்தி இறக்கும் முறையைப் பரவலாக்கியவர் அவர்தான். அவரது சிறிய சாம்பல் நிற டீ.ஈ.20 டிரக்டர் 1946ஆம் ஆண்டு முதல் 1956ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் உற்பத்தியானது. 5 இலட்சத்துக்கும் அதிகமான இயந்திரங்கள் வெளிவந்தன. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலரி தென் துருவத்தைச் சென்றடைந்ததும் இதே டிரக்டர்களில்தான். பனியில் ஓடுவதற்காக அவற்றுக்குச் சங்கிலிப் பட்டை பூட்டப்பட்டிருந்தது.

1953இல் பேர்கஸன் நிறுவனம் மெஸி ஹெரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. பின்னர் வந்ததுதான் நாம் நன்கறிந்த மெஸி பேர்கஸன் 35. 1959ஆம் ஆண்டு முதல் இதற்குப் பேர்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. 3.152 என்பது அந்த எஞ்சினின் பெயர். மூன்று சிலிண்டர், 152 கன அங்குல கொள்ளளவு என்பதே அதன் பொருள். இன்றைய கணக்கில் சுமார் இரண்டரை லீற்றர். 1964 இறுதியில் அறிமுகமான 135 மொடலும் இதே குடும்பத்து எஞ்சினுடன்தான் வந்தது. அயல்நாட்டில் சென்னையின் டாபே நிறுவனமும் 1960களிலிருந்து மெஸி பேர்கஸன் டிரக்டர்களை உற்பத்தி செய்தது. இதனால் இந்த எஞ்சினின் உதிரிப் பாகங்கள் எமது நாட்டில் இன்றும் கிடைக்கின்றன. ஐம்பது அறுபது வயதான ஓர் இயந்திரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டதும், 2022இல் 200 ரூபா அளவிலிருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியதும் எம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இருப்பதைத் திருத்திப் பாவிப்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதை அந்தக் காலம் எமக்குக் கற்றுத்தந்தது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. புதிய நான்கு சக்கர டிரக்டர் ஒன்று இன்றும் சாதாரண உழைப்பாளியின் கைக்கு எட்டாத தூரத்திலேயே இருக்கின்றது.

கண்டிக்குப் புதிதல்ல

இயந்திரம் திருத்துவது கண்டிக்கு நேற்று வந்த தொழிலல்ல. 1850களில், கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், ஜோன் வோக்கர் என்பவர் கண்டியில் ஒரு பொறியியல் பட்டறையை ஆரம்பித்தார். கோப்பிக் கொட்டையின் தோலை நீக்கும் இயந்திரங்களைச் செய்வதும் திருத்துவதுமே அதன் வேலையாக இருந்தது. பின்னாளில் கொழும்பில் பெயர்பெற்ற வோக்கர் சன்ஸ் நிறுவனத்தின் ஆரம்பம் அதுவே. கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது, 1880இல் தேயிலை உருட்டும் இயந்திரத்தைச் செய்ததும் இதே வோக்கர் நிறுவனம்தான்.

இதற்கு ஒரு காரணமும் இருந்தது. கண்டிக்கு ரயில் வந்தது 1867ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் ஒவ்வொரு இரும்புத் துண்டும் கொழும்பிலிருந்து மாட்டு வண்டியில் மலையேற வேண்டியிருந்தது. உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் வர மாதக் கணக்காகும். ஆகவே இங்கேயே ஒட்டிக் கொள்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக இருக்கின்றது. அங்கு வைக்கப்பட்டுள்ள பழைய இயந்திரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டச் செல்பவர்கள், அவற்றில் உள்ள வார்ப்பிரும்புப் பாகங்களையும் சற்று உற்றுப் பாருங்கள். இந்தக் கட்டுரை பேசுகின்ற உலோகம் அதுதான்.

வெடிப்பு ஏன் விழுகின்றது?

ஆங்கிலத்தில் உள்ள திருத்த வேலைப் புத்தகங்களைப் புரட்டினால், பிளொக் வெடிப்பதற்கு முதற்காரணம் உறைபனி என்று எழுதியிருப்பார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகின்றது. குளிர்காலத்தில் எஞ்சினுக்குள் தண்ணீரை விட்டு வைத்தால் அது உறைந்து பிளொக்கைப் பிளந்துவிடும். கண்டியில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பிரித்தானியாவில் பாவித்த டிரக்டர்களும் எஞ்சின்களும் எமது நாட்டுக்கு வந்துள்ளன. அப்படி வந்த பிளொக்கின் பக்கவாட்டில் நீளமாக ஒரு பழைய ஒட்டு வேலை தெரிந்தால், அது அங்குள்ள குளிர்காலம் விட்டுச் சென்ற அடையாளமாக இருக்கலாம்.

எமது பிரதேசத்தில் பிளொக்கின் எதிரி சூடுதான். ஏற்றம் நிறைந்த வீதியில் அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுவது முதலாவது காரணம். வைக்கோலும் சேறும் அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், கழற்றி வீசப்பட்ட தேர்மோஸ்டட் என்பன அடுத்தவை. கூலன்ட் இல்லாமல் வருடக் கணக்காகக் கிணற்றுத் தண்ணீரையோ ஆற்றுத் தண்ணீரையோ ஊற்றி ஓட்டுவதால், தண்ணீர் ஓடும் அறைகளில் துருவும் சேறும் படிந்துவிடுகின்றன. படிவு உள்ள இடத்தில் சூடு வெளியேற வழியில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது, கொதித்து நின்ற எஞ்சினுக்குள் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது. சூடான கண்ணாடிக் குவளையில் ஐஸ் தண்ணீரை ஊற்றினால் என்ன நடக்குமோ அதுதான் இங்கும் நடக்கின்றது. பிளொக் வார்ப்பிரும்பால் ஆனது. அதிலுள்ள காபன் மெல்லிய தகடுகள் போல் இரும்புக்குள் சிதறிக் கிடக்கின்றது. இதனால் அது பாரத்தைத் தாங்கும், அதிர்வை உள்வாங்கும், தேய்மானத்துக்கு ஈடுகொடுக்கும். ஆனால் வளையாது. வளைய முடியாதது வெடிக்கின்றது.

முதலில் உறுதி செய்யுங்கள்

ஒயிலில் தண்ணீர் கலந்த உடனேயே பிளொக் வெடித்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. ஹெட் கஸ்கட் எரிந்தாலும் இதே அறிகுறிகள்தான் தோன்றும். ஹெட்டில் வெடிப்பிருந்தாலும் அப்படித்தான். ரேடியேட்டரில் குமிழி வருவது, புகைக்குழாயில் வெள்ளை ஆவி வருவது, வெளியே ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் குறைவது ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். கஸ்கட் மலிவு, ஹெட் அதைவிடக் கூட, பிளொக் எல்லாவற்றிலும் செலவு. ஆகவே மலிவானதிலிருந்து ஆரம்பித்துச் சோதிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஹெட்டைக் கழற்றிய பின் பிளொக்கை நன்றாகக் கழுவ வேண்டும். எமது மூத்த பாஸ்மார் பாவித்த ஓர் எளிய முறை உண்டு. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் ஊறவிடுவார்கள். பின்னர் நன்றாகத் துடைத்துவிட்டு, அதன்மேல் சுண்ணக்கட்டித் தூளைப் பூசுவார்கள். வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைத் தூளின் மீது ஒரு கோடு வரைந்துவிடும். இன்று சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் கொண்ட ஸ்பிரே போத்தல்கள் கிடைக்கின்றன. அவற்றின் தத்துவமும் இதேதான்.

ஆனால் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உள்ள வெடிப்பை இந்த முறை காட்டாது. அதற்கு அழுத்தச் சோதனை அவசியம். தண்ணீர் செல்லும் வழிகளை எல்லாம் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, பிளொக்கைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே காற்றை ஏற்றுவார்கள். சைக்கிள் டியூப் ஒட்டுபவர் தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பது போலத்தான். குமிழி வருகின்ற இடமே குறையுள்ள இடம். சுடுதண்ணீரில் சோதிப்பதற்குக் காரணமுண்டு. சில வெடிப்புகள் இரும்பு சூடாகி விரிந்தால் மட்டுமே வாய் திறக்கும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் வேலை பொறுப்பெடுப்பதும் கொடுப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வியாபாரம் செய்வதற்குச் சமம். ஒரு வெடிப்பை ஒட்டி, எஞ்சினைப் பூட்டி முடித்த பிறகு இரண்டாவது வெடிப்பைக் கண்டுபிடித்தால் நட்டம் யாருக்கு என்பதை யோசித்துப் பாருங்கள்.

திருத்துவதற்கு நான்கு வழிகள்

முதலாவது, வெல்டிங். கேட்பதற்கு இலகு, செய்வதற்குக் கடினம். சாதாரண இரும்பை ஒட்டுவது போல வார்ப்பிரும்பை ஒட்ட முடியாது. ஒட்டிய இடம் வேகமாக ஆறும்போது அதன் ஓரம் கண்ணாடி போல் கடினமாகிவிடும். "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிய வெடிப்பு விழுந்திருக்கும். இதைத் தவிர்க்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, முழு பிளொக்கையும் 500 முதல் 650 பாகை செல்சியஸ் வரை மெதுவாகச் சூடாக்கி, ஒட்டி, பின்னர் உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மணிக் கணக்காக ஆறவிடுவது. மற்றையது, நிக்கல் ரொட் கொண்டு ஒரு அங்குலத்துக்கு மேற்படாமல் சிறிது சிறிதாக ஒட்டி, ஒவ்வொரு முறையும் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி, கை வைக்கக்கூடிய சூட்டுக்கு வரும் வரை காத்திருந்து தொடர்வது. இரண்டாவது முறையில் அவசரம் என்ற சொல்லுக்கே இடமில்லை. எந்த முறையானாலும் முதலில் வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளை போட வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பு மேலும் நீண்டு செல்லும்.

இரண்டாவது, கேஸ் வெல்டிங் மூலம் பித்தளை ஒட்டு வைப்பது. இதில் இரும்பு உருகுவதில்லை. சுமார் 900 பாகை சூட்டில் பித்தளை உருகி இரும்பைப் பற்றிக்கொள்கின்றது. வெளிப்புறத் தண்ணீர் அறைகளுக்கு இது நல்ல முறை. ஆனால் ஒயிலும் துருவும் ஊறிய பழைய இரும்பில் பித்தளை பிடிக்காது. சுத்தம் செய்வதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கின்றது.

மூன்றாவது, உலோகத் தையல். எமது நாட்டில் அதிகம் பேசப்படாத முறை இதுவே. நெருப்பே இல்லாமல் ஒட்டுவது இதன் சிறப்பு. வெடிப்பின் மேல் வரிசையாகத் துளை போட்டு, மரை வெட்டி, மரையாணிகளை இறுக்கி மேற்பகுதியை வெட்டிவிடுவார்கள். அடுத்த துளை முந்திய ஆணியின் ஓரத்தைச் சிறிது தின்றுகொண்டு போகும். இப்படி ஒன்றையொன்று கவ்விய ஆணிகள் முழு வெடிப்பையும் அடைத்துவிடும். வெடிப்புக்குக் குறுக்காக இடையிடையே உலோகப் பூட்டுகள் இறக்கப்படும். கிழிந்த துணியை நெருக்கமாகத் தைத்து, குறுக்கே பலப்படுத்துவது போன்றதே இது. 1930களில் அமெரிக்காவின் எண்ணெய் வயல்களில், நெருப்புப் பொறி பட்டாலே ஆபத்து என்ற இடத்தில், இந்த முறை வளர்ச்சியடைந்தது. இன்று கப்பல் எஞ்சின்களுக்கும் பெரிய இயந்திரங்களுக்கும் உலகெங்கும் பாவிக்கப்படுகின்றது. சூடாக்காததால் பிளொக் வளைவதில்லை. சிலிண்டரின் வட்டமும் மாறுவதில்லை.

நான்காவது, இரும்புப் பசை. குழைத்துப் பூசும் இரு பாகப் பசைகள் கடைகளில் கிடைக்கின்றன. தண்ணீர் அறையின் வெளிச்சுவரில், பழைய டிரக்டரின் ரேடியேட்டர் மூடி தாங்கும் சிறிய அழுத்தத்துக்கு, இது சில காலம் ஈடுகொடுக்கலாம். ஆனால் டீசல் எரியும் இடத்தில் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தலுக்கு மேல் அழுத்தம் ஏற்படுகின்றது. அங்கு பசை பூசுவது வேலையல்ல, ஏமாற்று.

வார்ப்பிரும்பை ஒட்ட முடியாது என்ற பேச்சு புதியதல்ல. முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கத் துறைமுகங்களில் ஜேர்மன் கப்பல்கள் பல ஒதுங்கி நின்றன. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கி அவற்றைக் கைப்பற்றியபோது, வார்ப்பிரும்புச் சிலிண்டர்களை மாலுமிகள் ஏற்கனவே உடைத்து வைத்திருந்தனர். புதிய சிலிண்டர் வார்த்துப் பூட்ட நீண்ட காலம் எடுக்கும் என்பதே பலரின் கருத்தாக இருந்தது. ஆனால் உடைந்தவற்றை மின் வெல்டிங் மூலமும் இரும்புத் துண்டுகளைப் பொருத்தியும் சீர்செய்து, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பெரும்பாலான கப்பல்களை ஓட விட்டார்கள். நிதானமாகவும் முறையாகவும் செய்தால் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

எந்த இடத்தில் வெடிப்பு?

எந்த முறையைத் தெரிவு செய்வது என்பதை வெடிப்பின் நீளம் தீர்மானிப்பதில்லை. அது விழுந்த இடமே தீர்மானிக்கின்றது. வெளிச்சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தாலும் பயப்படத் தேவையில்லை. ஹெட் போல்ட் துளைக்கும் சிலிண்டருக்கும் இடையில் அரை அங்குலம் இருந்தாலும் கவனமாக யோசிக்க வேண்டும்.

பேர்கின்ஸ் 3.152 எஞ்சினில் இருப்பது உலர் லைனர். அதாவது லைனருக்கும் தண்ணீருக்கும் இடையில் பிளொக்கின் சுவர் இருக்கின்றது. சிலிண்டர் சுவரில் சிறு வெடிப்பு இருந்தால் அதைச் சீர்செய்து, மேலே புதிய லைனரை இறுக்கமாக இறக்கும்போது அந்த லைனரே ஒரு பாதுகாப்பாகின்றது. அதற்கு முந்திய டீ.ஈ.20 டிரக்டரின் ஸ்டேண்டர்ட் எஞ்சினில் ஈர லைனர். அங்கு தண்ணீர் நேரடியாக லைனரைத் தொடுகின்றது. அதில் லைனர் உட்காரும் அடிப்பகுதி பழுதானால் வேலை வேறு விதமாகிவிடும்.

இன்னொரு முக்கிய விடயம். லொறி, வேன் போல இந்த டிரக்டர்களுக்குத் தனியான சேஸிஸ் கிடையாது. முன் அச்சு எஞ்சினில் பூட்டப்பட்டிருக்கும். எஞ்சின் கியர்பெட்டியுடன் பூட்டப்பட்டிருக்கும். எஞ்சின்தான் டிரக்டரின் முதுகெலும்பு. எனவே முன் அச்சின் பாரம் இறங்கும் பகுதியிலோ, கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் சுவரிலோ வெடிப்பு இருந்தால் அது வெறும் தண்ணீர் ஒழுக்கு அல்ல. இரண்டு தொன் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கும் ஓர் இயந்திரம் நடுவில் பிரிந்தால் என்னவாகும்? இப்படிப்பட்ட பிளொக்கை மாற்றுவதே பாதுகாப்பு. இதைச் சொல்லி வேலையைத் திருப்பி அனுப்பும் பாஸ்தான் நம்பக்கூடியவர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி வியாபாரத்துக்கு வருவோம். டிரக்டரை நடுவில் பிரிப்பது, எஞ்சினை இறக்கிக் கழற்றுவது, லேத் பட்டறையில் மேற்பரப்பை மட்டம் எடுப்பது, கஸ்கட், லைனர், ஒயில், மீண்டும் பூட்டுவது ஆகிய செலவுகள் பிளொக்கைத் திருத்தினாலும் இருக்கின்றன, மாற்றினாலும் இருக்கின்றன. பலர் இதைக் கவனிப்பதில்லை.

விளங்கிக் கொள்வதற்காக ஓர் உதாரணம். பாவித்த நல்ல பிளொக் ஒன்றின் விலை 100 என்று வைத்துக் கொள்வோம். வெடிப்பைத் திருத்தும் கூலி 40. இரண்டுக்கும் பொதுவான செலவு 80. திருத்தினால் மொத்தம் 120. மாற்றினால் 180. திருத்துவதுதான் இலாபம் போலத் தோன்றும். ஆனால் திருத்திய வேலை தோற்றால்? ஏற்கனவே செலவழித்த 120உடன் மீண்டும் 180ஐச் சேர்க்க வேண்டும். மொத்தம் 300. இந்தக் கணக்கின்படி, மூன்று வேலையில் ஒன்று தோற்கும் என்றால் திருத்துவதால் ஒரு சதமும் மிச்சமில்லை. பத்தில் ஒன்றுதான் தோற்கும் என்றால் நல்ல இலாபம். உங்கள் டிரக்டருக்கு உண்மையான தொகைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். கூலி குறைந்த பாஸைத் தேடுவதைவிட, வேலை தோற்காத பாஸைத் தேடுவதே மலிவு என்பது விளங்கும்.

இந்தக் கணக்கில் மேலும் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று, வேலையில்லாத நாட்கள். போகம் தொடங்கும் நேரத்திலோ கட்டட வேலைகள் மும்முரமான காலத்திலோ டிரக்டர் கராஜில் கிடந்தால் அந்த வருமானமும் செலவுதான். மற்றது, எஞ்சின் இலக்கம். பிளொக்கை மாற்றினால் எஞ்சின் இலக்கம் மாறுகின்றது. அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் திருத்த வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பிளொக்கை வாங்கினால் வேறு சிக்கல்களும் வரலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் எஞ்சின் பாகம் வாங்கவே வேண்டாம். சொந்த பிளொக்கைத் திருத்தினால் இலக்கம் மாறுவதில்லை. பழைமை மாறாத டிரக்டரை விரும்பி வாங்குபவருக்கு அது தனிப் பெறுமதியும்கூட.

பாவித்த பிளொக் வாங்குவதாக இருந்தால் அதையும் அழுத்தச் சோதனை செய்த பின்னரே பணம் கொடுங்கள். வெடித்ததைக் கொடுத்துவிட்டு வெடித்ததையே வாங்கி வந்தவர்கள் இல்லாமலில்லை.

பூச்சுக்குள் மறைந்த குறை

பழைய டிரக்டர் விற்பனையில் நடக்கும் ஒரு தவறையும் சொல்லாமல் விட முடியாது. வெடிப்பின் மேல் பசை பூசி, அதன் மேல் பெயின்ட் அடித்து, "எஞ்சின் நல்லம்" என்று விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் முதல் ஏற்றத்திலேயே உண்மையைத் தெரிந்துகொள்கிறார். குறையை மறைத்து விற்பதற்கு எமது மார்க்கத்தில் இடமில்லை என்பதை வாசகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அதே டிரக்டரை, "இந்த இடத்தில் வெடிப்பு இருந்தது, இப்படித் திருத்தியிருக்கிறோம், இதோ சீட்டு" என்று சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையலாம். ஆனால் அடுத்த வாடிக்கையாளரை அவரே அழைத்து வருவார்.

வாங்குபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் போதே சென்று பாருங்கள். நீங்கள் வரும் முன்பே ஓட விட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய்ப் படலம் இருக்கின்றதா என்று பாருங்கள். ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். பிளொக்கின் ஓரிடத்தில் மட்டும் புதிய பெயின்ட் இருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கடைசியாகப் பாரம் ஏற்றி ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்.

கராஜ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வெடிப்பு இருந்த இடம், அதன் நீளம், செய்த முறை, எவ்வளவு காலத்துக்கு உத்தரவாதம் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். செலவு எதுவுமில்லை. ஆனால் நாளை ஒரு பிரச்சினை வந்தால் இரு தரப்பையும் அது காப்பாற்றும்.

இளைஞர்களுக்கு ஒரு வாய்ப்பு

கஸ்கட் மாற்றுவதற்கும் ஒயில் மாற்றுவதற்கும் கராஜ்கள் சந்திக்குச் சந்தி இருக்கின்றன. வெடித்த பிளொக்கைச் சோதித்து, பொறுப்புடன் திருத்திக் கொடுக்கும் இடத்தைத் தேடித்தான் அலைய வேண்டியிருக்கின்றது. அழுத்தச் சோதனைக்கான தொட்டி, காற்று இயந்திரம், நல்ல துளைக் கருவி, மரை வெட்டும் கருவிகள் என்பனவே இதற்கான அடிப்படைத் தேவைகள். இவற்றில் பல, இயங்கிக் கொண்டிருக்கும் கராஜ் ஒன்றில் ஏற்கனவே இருக்கும். டிரக்டர் மட்டுமல்ல, தோட்டத் தொழிற்சாலைகளின் பழைய எஞ்சின்கள், தண்ணீர் பம்பிகள், ஜெனரேட்டர்கள், லொறி எஞ்சின்கள் அனைத்தும் வார்ப்பிரும்பையே நம்பியிருக்கின்றன. கம்பளை, நாவலப்பிட்டி முதல் மாத்தளை, தம்புள்ளை வரையான பெரிய பரப்புக்குக் கண்டி நடுவில் இருக்கின்றது.

பாடசாலைக் கல்வியைத் தொடராத பிள்ளையை கராஜில் சேர்ப்பது எம்மிடையே வழக்கம். பத்து வருடம் வேலை செய்தும் கையில் ஒரு சான்றிதழ் இல்லாமல் அவர் வெளிநாடு செல்கிறார். அங்கே உதவியாளர் சம்பளம்தான் கிடைக்கின்றது. கண்டியிலேயே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. தேசியத் தொழிற்தகைமையான என்.வீ.கியூ. சான்றிதழை, ஏற்கனவே தொழில் தெரிந்தவர்கள் தமது அனுபவத்தை நிரூபித்துப் பெற்றுக்கொள்ளும் வழியும் நைட்டா போன்ற நிறுவனங்களில் உண்டு. பழைய பாஸ்மாரிடம் கைவேலையும், கல்லூரியில் அதன் காரணமும் கற்ற ஓர் இளைஞனுக்கு இந்தத் துறையில் போட்டி மிகக் குறைவு. அந்தப் பழைய பாஸ்மார் எம்மோடு இருக்கும் போதே இதைச் செய்ய வேண்டும்.

இறுதியாக, டிரக்டர் வைத்திருக்கும் வாசகர்களுக்கு. காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முன் ரேடியேட்டரையும் பெல்ட்டையும் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். தண்ணீருடன் கூலன்ட் சேருங்கள். வயலிலிருந்து வந்ததும் ரேடியேட்டரின் முகத்தைக் கழுவிவிடுங்கள். வழியில் கொதித்து நின்றால் மூடியை உடனே திறக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். நிழலில் நிறுத்தி எஞ்சின் ஆறும் வரை ஒரு மணித்தியாலம் காத்திருங்கள். ஏற்றிய மணல் பிந்தினால் ஒரு நாள் கூலிதான் போகும். பிளொக் போனால் ஒரு போகமே போய்விடும்.